டெல்டாவில் இருந்துகொண்டே ஜாஸ் கற்க விரும்புகிறவருக்கு

மயிலாடுதுறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். கர்நாடக வயலின் வர்ணம் வரைக்கும் பாடம் ஆகியிருக்கிறது, வீட்டில் 61 கீ உள்ள கீபோர்டு ஒன்று இருக்கிறது, ஜாஸ் கேட்க ஆரம்பித்ததிலிருந்து அதை வாசிக்கவும் ஆசை. தியரி சுத்தமாகத் தெரியாது, சென்னையில் போய்த் தங்கிப் படிக்க வசதி இல்லை. எந்தப் புத்தகம் வாங்குவது, எந்த வெப்சைட் பார்ப்பது, பக்கத்தில் யாரிடம் போவது என்பதுதான் கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு கும்பகோணம், திருவாரூர் பக்கமெல்லாம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முதலில் எது வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்கேல் சொல்லித் தருகிற புத்தகமோ வீடியோவோ உங்களுக்குத் தேவையில்லை. இணையத்தில் ஜாஸ் என்று தேடினால் முக்கால்வாசி அதுதான் வரும், டோரியன், மிக்ஸோலிடியன், லிடியன் என்று மோட்களின் பட்டியல், எதன் மேல் எதை வாசிப்பது என்று அட்டவணை. டோரியன் என்றால் கரஹரப்பிரியாவின் ஸ்வரங்கள். மிக்ஸோலிடியன் ஹரிகாம்போஜி, லிடியன் கல்யாணி, ஃப்ரிஜியன் தோடி, ஏயோலியன் நடபைரவி. ஜாஸ்காரர்கள் பெரிதாகப் பேசுகிற மெலடிக் மைனர் நமக்கு கௌரிமனோஹரி, லிடியன் டாமினன்ட் என்பது வாசஸ்பதி. பஞ்சமம் இல்லாததால் லோக்ரியன் மட்டும் மேளகர்த்தாவில் வராது. ராகம் வேறு, ஸ்கேல் வேறு என்பது உங்களுக்கே தெரியும், தோடியின் காந்தாரத்தை ஃப்ரிஜியனில் யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ஸ்வரங்களை அடையாளம் கண்டு விரலுக்குக் கொண்டுவருகிற வேலையை நீங்கள் ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள், அதற்கு மறுபடி ஒரு வருஷம் செலவழிக்காதீர்கள்.

உங்களிடம் இல்லாதது ஹார்மனி, அதாவது பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்கவிடுவது. தம்புரா போட்டுவிட்டால் நமக்கு ஷட்ஜம் கச்சேரி முடியும் வரை அசையாது, எல்லா ஸ்வரமும் அதோடு வைத்துத்தான் அர்த்தமாகும். ஜாஸில் கீழே இருக்கிற கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம், மாறிக்கொண்டே இருக்கும், மேலே நீங்கள் பிடித்திருக்கிற அதே ஸ்வரம் கார்ட் மாறும்போது வேறு அர்த்தம் கொள்ளும். இந்த மாற்றத்தைக் காது உணர ஆரம்பிக்காத வரைக்கும் எந்தத் தியரிப் புத்தகமும் ஏட்டுச் சுரைக்காய்தான். எனவே கார்ட் நகர்வதைக் காதுக்குக் கொண்டுவருகிற வளம் எதுவோ அதை எடுங்கள், மற்றதை விடுங்கள். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

இன்றைக்கே கீபோர்டில் செய்து பார்க்கக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்கலாம். 1 கட்டை சுருதி, அதாவது சி-யை ஷட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். இடது கையில் இரண்டே விரல், அந்தர காந்தாரமும் அதற்கு மேலே கைசிகி நிஷாதமும். இதுதான் சி செவன் கார்டின் உயிர், ஷட்ஜமும் பஞ்சமமும் இல்லாமலேயே கார்ட் இன்னதென்று தெரிந்துவிடும். இப்போது இரண்டு விரலையும் ஒரு ஸ்வரஸ்தானம் கீழே இறக்குங்கள், சாதாரண காந்தாரமும் சதுஸ்ருதி தைவதமும் வரும், அது எஃப் செவன். மறுபடி பழைய இடத்துக்கு வந்து அங்கிருந்து ஒரு ஸ்தானம் மேலே ஏற்றுங்கள், சுத்த மத்யமமும் காகலி நிஷாதமும், அது ஜி செவன். அவ்வளவுதான், ஜாஸுக்கு வேரான ப்ளூஸ் வாசிக்கத் தேவையான மூன்று கார்டும் உங்கள் இடது கையில் வந்துவிட்டன. பேஸ், அதாவது அடியில் போகிற தாழ்ந்த ஸ்வரங்களை, யாராவது வாசித்தால், அல்லது செல்போனில் ஓடினால், இந்த இரண்டு விரலே முழு கார்டாகக் கேட்கும்.

இனி தாளம் போட்டுக்கொள்ளுங்கள். 12 பார் ப்ளூஸ் என்பது பாருக்கு 4 அட்சரம் வீதம் 48 அட்சரம், ஆதி தாளத்தில் சரியாக 6 ஆவர்த்தனம். முதல் 2 ஆவர்த்தனம் சி செவன். மூன்றாவது எஃப் செவன். நான்காவது திரும்ப சி செவன். ஐந்தாவதில் பாதி ஜி செவன், பாதி எஃப் செவன். ஆறாவது சி செவன். டியூக் எல்லிங்டனின் சி ஜாம் ப்ளூஸ் என்று ஒரு உருப்படி இருக்கிறது, அதன் மெட்டு முழுவதும் பஞ்சமமும் ஷட்ஜமும் மட்டும்தான், வேறு ஸ்வரமே கிடையாது. அதை வலது கையில் வாசித்துக்கொண்டு இடது கையில் மேலே சொன்ன மூன்று இடத்தையும் மாற்றினால் ஒரு முழு ஜாஸ் உருப்படியை நீங்கள் வாசித்துவிட்டீர்கள். எஃப் செவன் வரும்போது அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாக இறங்குவதைக் காது பிடிக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். ப்ளூஸ் பாடகர்கள் சி செவன் மேலேயே அந்தச் சாதாரண காந்தாரத்தை இழுத்துப் பிடிப்பார்கள், கீழே அந்தர காந்தாரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே. நம் காதுக்கு முதலில் உறுத்தும். கேட்கக் கேட்க அந்த உரசல்தான் ப்ளூஸ் என்று பிடிபடும்.

சரி, தியரிக்கு வருவோம். ஐந்து கோட்டில் எழுதுகிற மேற்கத்திய ஸ்டாஃப் நோட்டேஷன் படிக்கக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும், இதில் சமரசம் வேண்டாம், ஏனென்றால் ஜாஸ் பற்றி எழுதியிருக்கிற எல்லாமே அதில்தான் இருக்கிறது. இதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. மியூசிக்தியரி டாட் நெட் என்ற தளத்தில் கோடு, ஸ்பேஸ் என்று அடியிலிருந்து பாடங்கள் இலவசமாக இருக்கின்றன, கூடவே பயிற்சிகளும். தினம் கால் மணி நேரம் அந்தப் பயிற்சியைச் செய்தால் போதும். அதற்கு மேலே போக ஓப்பன் மியூசிக் தியரி என்று ஒரு முழுப் பாடப்புத்தகமே இணையத்தில் இலவசமாக இருக்கிறது, கல்லூரி மாணவர்களுக்காகப் பேராசிரியர்கள் எழுதியது, ஜாஸுக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. ஆங்கிலம் கொஞ்சம் கனமாக இருக்கும், அதனால் முதலிலிருந்து வரிசையாகப் படிக்காமல் ஒரு உருப்படியில் சந்தேகம் வரும்போது அதற்கான அத்தியாயத்தை மட்டும் திறங்கள். எழுதிப் பார்க்க மியூஸ்கோர், அதுவும் இலவசம். நீங்கள் எழுதியதை அதுவே வாசித்துக் காட்டும், தப்பு உடனே கேட்டுவிடும்.

கார்ட் என்றால் என்ன, மெட்டுக்கு அதை எப்படிப் பொருத்துவது என்று கற்க நம் ஊரிலேயே அருமையான பாடம் இருக்கிறது, அதைப் பெரும்பாலும் யாரும் பயன்படுத்துவதில்லை. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களைச் சொல்கிறேன். ஐரோப்பிய பேண்டுகள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார், எல்லாம் சங்கராபரணம். உங்கள் வாத்தியாரும் ஒன்றிரண்டு சொல்லிக் கொடுத்திருப்பார். அந்த மெட்டுகள் பிறந்ததே ஹார்மனியோடு, நம்மிடம் வரும்போது மெட்டு மட்டும் வந்தது. அதற்குக் கார்டைத் திருப்பிப் போடுவதுதான் பயிற்சி.

‘சியாமளே மீனாட்சி’யை எடுத்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் பாடுகிற ட்விங்கிள் ட்விங்கிள் மெட்டுதான். ஸஸ பப, தத ப, மம கக, ரிரி ஸ. சாதாரணமாகப் போட்டால் ஸஸபபவுக்கு சி, ததவுக்கு எஃப், பவுக்கு சி, மமவுக்கு எஃப், ககவுக்கு சி, ரிரிக்கு ஜி, ஸவுக்கு சி. மூன்றே கார்ட். சர்ச்சில் கேட்கிற மாதிரி நேராக இருக்கும். இப்போது இதையே ஜாஸ் பக்கம் திருப்புவோம். மமவுக்கு எஃப்-க்குப் பதில் டி மைனர் செவன் போடுங்கள் (ரி, ம, த, ஸ, மத்யமம் அதற்குள்ளேயே இருக்கிறது). ககவுக்கு ஏ மைனர் செவன். ரிரி வரும்போது முதல் ரிக்கு டி மைனர் செவன், இரண்டாவது ரிக்கு ஜி செவன், ஸவுக்கு சி மேஜர் சிக்ஸ்த். மெட்டில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை, ஆனால் கேட்கிறவர் முகம் மாறும்.

அந்தக் கடைசி மூன்று கார்ட், டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர், இதைத்தான் ஜாஸ்காரர்கள் டூ-ஃபைவ்-ஒன் என்பார்கள், ஸ்கேலின் 2, 5, 1-ஆவது ஸ்வரங்களான ரி, ப, ஸ மேல் கட்டியவை என்பதால். ஆயிரம் உருப்படியைப் பிரித்துப் பார்த்தாலும் திரும்பத் திரும்ப இதுதான் கிடைக்கும். உள்ளே நடப்பதை இரண்டு விரலில் பாருங்கள். டி மைனர் செவனுக்கு மத்யமமும் ஷட்ஜமும். ஜி செவன் வரும்போது மத்யமம் அப்படியே நிற்கும், ஷட்ஜம் காகலி நிஷாதத்துக்கு இறங்கும். சி மேஜர் செவன் வரும்போது நிஷாதம் நிற்கும், மத்யமம் அந்தர காந்தாரத்துக்கு இறங்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு விரல்தான் நகர்கிறது. இந்த இரண்டு இழையையும் வாயால் பாடுங்கள், முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று, கீபோர்டில் கார்டை அழுத்திக்கொண்டு. இது வாயில் வந்துவிட்டால் பாதி தியரிப் புத்தகம் முடிந்த மாதிரி. பிறகு இதையே 12 சுருதியிலும் செய்ய வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும், ஆகட்டும்.

புத்தகம் வாங்குவதானால் ஒன்றே ஒன்று வாங்குங்கள், மார்க் லெவின் எழுதிய தி ஜாஸ் பியானோ புக். 1989-இல் வந்தது. அவரே பிறகு எழுதிய ஜாஸ் தியரி புக் இன்னும் பிரபலம், எல்லோரும் அதைத்தான் சிபாரிசு செய்வார்கள், ஆனால் உங்களுக்கு நான் முதலில் அதைச் சொல்ல மாட்டேன். அதில் கார்டுக்கு ஸ்கேல் பொருத்துவதுதான் பிரதானம், உங்களுக்கு அது இப்போது அவசரமில்லை. பியானோ புத்தகம் கையை எங்கே வைப்பது, மேலே நான் சொன்ன மாதிரி இரண்டு ஸ்வரத்திலிருந்து மூன்று, நான்கு என்று கார்டை எப்படி விரிப்பது என்று காட்டும். நீங்கள் கடைசியில் வயலினில்தான் வாசிக்கப் போகிறீர்கள் என்றாலும் கீபோர்டில் இதைச் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் வாசிக்கிற வாத்தியக்காரர்களும் பியானோவில் கார்ட் பழகிக்கொள்வது ஜாஸில் சகஜம்.

கூட வாசிக்க ஆள் இல்லாத ஊரில் ஜேமி ஏபர்சோல்டின் ப்ளே-அலாங் தொகுதிகள் பெரிய துணை. 1967-இல் முதல் தொகுதியை வெளியிட்டு நூற்றுக்கும் மேற்பட்ட தொகுதிகள் வரைக்கும் கொண்டுபோனார். நிஜ ஆட்கள் வாசித்த பியானோ, பேஸ், டிரம்ஸ், மேலே நீங்கள். மூன்றாவது தொகுதி முழுக்க டூ-ஃபைவ்-ஒன், எளிய உருப்படிகளுக்கு 54-ஆவது தொகுதி. இவற்றில் ஒரு வசதி, ஸ்டீரியோவில் ஒரு பக்கம் பேஸும் இன்னொரு பக்கம் பியானோவும் பிரித்துப் பதிந்திருப்பார்கள், டிரம்ஸ் இரண்டிலும் இருக்கும். ஹெட்போனில் பியானோ பக்கத்தை அணைத்துவிட்டு உங்கள் இரண்டு விரல் கார்டை அங்கே வாசிக்கலாம், பேஸ் கீழே நடப்பது தெளிவாகக் காதில் விழும். ஏபர்சோல்டின் ஜாஸ் ஹேண்ட்புக் என்ற கையேடு அவருடைய தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது, அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐரியல் ப்ரோ என்ற ஆப் விலைக்குத்தான், ஆனால் வாங்கலாம். உருப்படியின் கார்ட் வரிசையைப் போட்டால் அதுவே பின்னணி வாசிக்கும், எந்தச் சுருதிக்கும் எந்தக் காலத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். அதில் மெட்டு இருக்காது, கார்ட் மட்டும்தான், அதனால் மெட்டை ரெக்கார்டிலிருந்து காதால் எடுக்க வேண்டியிருக்கும், அது நல்லதுதான். மெஷின் வாசிப்பதால் உயிர் குறைவு, அதோடு மட்டுமே பழகினால் வாசிப்பும் அப்படியே ஆகிவிடும், அதனால் வாரத்தில் பாதி நாள் ரெக்கார்டோடு வாசியுங்கள்.

ரெக்கார்ட் என்று வரும்போது நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். புத்தகம் இல்லாமல் ஜாஸ் கற்றவர்கள் நிறைய, கேட்காமல் கற்றவர் ஒருவர்கூட இல்லை. நம் ஊரில் கேள்வி ஞானம் என்று சொல்லி வளர்த்ததும் இதைத்தான், நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டே எத்தனை பேர் வாசிக்கக் கற்றார்கள். பத்து ஆல்பத்தை மேலோட்டமாகக் கேட்காமல் ஒன்றை எடுங்கள். மைல்ஸ் டேவிஸின் கைண்ட் ஆஃப் ப்ளூ, 1959-இல் நியூயார்க்கில் பதிந்தது. அதன் முதல் உருப்படி ஸோ வாட். கர்நாடக சங்கீதக் காதுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் இதில் கார்ட் மாறுவது மிகக் குறைவு.

ஸோ வாட்டை இப்படிக் கேளுங்கள். ஆரம்பத்தில் பியானோவும் பேஸும் தாளமில்லாத மாதிரி கொஞ்சம் பேசும், பிறகு பால் சேம்பர்ஸ் பேஸில் மெட்டை வாசிப்பார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டே கார்டில் பதில் வரும். அங்கிருந்து தாளம் போடுங்கள். 2 கட்டை சுருதியில் கரஹரப்பிரியா ஸ்வரங்கள், ஆதி தாளத்தில் 8 ஆவர்த்தனம். அடுத்து எல்லாமே அப்படியே அரைக்கட்டை ஏறி 2½ கட்டையில் 4 ஆவர்த்தனம். மறுபடி 2 கட்டைக்கு இறங்கி 4 ஆவர்த்தனம். மொத்தம் 16, இதை ஒரு கோரஸ் என்பார்கள், திரும்பத் திரும்ப இதுவே சுற்றும். கவனியுங்கள், இது கிரகபேதம் இல்லை. கிரகபேதத்தில் ஸ்வரங்கள் நிற்க ஷட்ஜம் மாறும், இங்கே தம்புராவையே தூக்கி அரைக்கட்டை மேலே வைக்கிறார்கள். அந்த இடத்தில் உங்கள் காது தடுமாறும், தாளத்தை விடாமல் போட்டு அந்தத் திருப்பத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கக் கற்றுக்கொண்டால் கார்ட் மாற்றத்தை உணர்வதன் முதல் படியில் கால் வைத்துவிட்டீர்கள்.

மெட்டுக்குப் பிறகு டிரம்பெட்டில் மைல்ஸ் 2 கோரஸ் வாசிப்பார், அடுத்து சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேன், அதற்கடுத்து இன்னொரு சாக்ஸபோனில் கேனன்பால் அடர்லி, பிறகு பில் எவன்ஸின் பியானோ. மைல்ஸின் சோலோவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் இல்லை, இடைவெளி அதிகம், ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்திக் காத்திருப்பார். அதை முதலில் பாடுங்கள், வாத்தியத்தைத் தொடாமல், ரெக்கார்டோடு சேர்ந்து பிசிறில்லாமல் வரும் வரை. பிறகு ஸ்வரப்படுத்துங்கள், நம் ஸரிகமவிலேயே எழுதுங்கள், அதில் உங்களுக்கு இருக்கிற வேகம் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. கடைசியில் வயலினில் வையுங்கள். யூடியூபில் வேகத்தை 0.75, 0.5 என்று குறைத்துக்கொள்ளலாம், சுருதி மாறாது. ஒரு வாக்கியத்தை மட்டும் வெட்டிச் சுற்றவிட வேண்டுமானால் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். யாரோ எழுதிவைத்த நோட்டேஷன் இணையத்தில் கிடைக்கும்தான், உங்களுடையதை முடித்த பிறகு சரிபார்க்க மட்டும் அதைத் திறங்கள்.

எழுதும்போது ஒரு ஒழுங்கு. ஸ்வரத்தை உருப்படியின் ஆதார ஷட்ஜத்திலிருந்தே எழுதுங்கள், ஒவ்வொரு கார்டுக்கும் ஷட்ஜத்தை மாற்றினால் குழம்பிவிடும். கார்டை மேலே எண்ணில் குறியுங்கள், 2, 5, 1 என்று. ஸோ வாட் மாதிரி சுருதியே இடம் மாறுகிற உருப்படியில் மட்டும் அந்தந்தப் பகுதிக்குத் தனி ஷட்ஜம்.

தாள விஷயத்தில் உங்களுக்குக் கணக்கு வரும், நடை பிடிபட வேண்டும். ஜாஸில் பாரம் 2-லும் 4-லும் விழும், கைதட்டினால் அங்கேதான் தட்டுவார்கள். மெட்ரோனோமை (காலப்பிரமாணத்துக்கு டிக் டிக் என்று அடிக்கிற கருவி) பாதி வேகத்தில் வைத்து அது அடிக்கும் இடத்தை 2, 4 என்று எண்ணிப் பழகுங்கள், முதல் வாரம் கஷ்டமாக இருக்கும். ஸ்விங் என்பதைப் புத்தகங்கள் திஸ்ர நடையில் விளக்கும், ‘தகிட’வில் தவும் டவும் மட்டும் ஒலிக்கிற மாதிரி, நீளம், குட்டை, நீளம், குட்டை. மெதுவான காலத்துக்கு அது சரி. வேகம் கூடக் கூட இரண்டும் ஏறத்தாழச் சமமாகிவிடும், அதனால் கணக்காக வாசித்தால் குதிரை ஓடுகிற மாதிரிதான் கேட்கும். இதற்கு ரெக்கார்ட் தவிர வேறு குரு இல்லை. பக்கத்தில் தவில் வாசிக்கிறவர் யாராவது நண்பராக இருந்தால் சி ஜாம் ப்ளூஸை அவரோடு வாசித்துப் பாருங்கள், நீங்கள் கற்பதைவிட வேகமாக அவர் அந்த நடையைப் பிடித்துவிடுவார்.

வயலினைப் பற்றி. ஸபஸப என்று கட்டியிருக்கிற தந்திகளை மேற்கத்திய முறையில் ஜி, டி, ஏ, இ என்று மாற்றுவதா என்று கட்டாயம் கேள்வி வரும். முதல் சில மாதம் மாற்ற வேண்டாம், ப்ளூஸும் ஸோ வாட்டும் இப்போது இருக்கிறபடியே வாசிக்கலாம். பல சுருதியில் வாசிக்க ஆரம்பிக்கும்போது மாற்றித்தான் ஆக வேண்டும், முடிந்தால் அதற்கென்று இரண்டாவது வயலின் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கர்நாடகப் பாடம் கெடும். கமகத்தை முழுக்கக் கைவிட வேண்டியதில்லை, ஆனால் கார்ட் மாறுகிற இடத்தில் ஸ்வரம் நிலையாக நிற்க வேண்டும், இல்லையென்றால் ஹார்மனி கலங்கிவிடும். பிரெஞ்சு ஜாஸ் வயலின்காரர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியைக் கேளுங்கள், வில் எவ்வளவு லேசாகப் போகிறது என்பதற்காக.

பக்கத்தில் யாரிடம் போவது என்பதற்கு வருகிறேன். அரசு இசைப்பள்ளிகளிலும் திருவையாறு இசைக் கல்லூரியிலும் ஜாஸ் கிடையாது, ஆனால் அதனால் டெல்டாவில் ஹார்மனி தெரிந்தவரே இல்லை என்று நினைக்காதீர்கள். முதலில் சர்ச்சுக்குப் போங்கள். தரங்கம்பாடியில் 1706-இல் லுத்தரன் மிஷன் வந்ததிலிருந்து இந்தப் பக்கத்தில் பாமாலைக்கு ஒரு நீண்ட மரபு இருக்கிறது, மயிலாடுதுறையிலும் தஞ்சாவூரிலும் ஆர்கனோ கீபோர்டோ வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். ஸொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரலுக்கு எழுதிய பாட்டுப் புத்தகம் அவர்களிடம் இருக்கும். அதைப் பார்த்து நான்கு குரலும் ஒன்றோடொன்று எப்படி நகர்கின்றன என்று ஒருவரிடம் உட்கார்ந்து கேட்பது விலைமதிப்பில்லாத பாடம். கொயரில் டெனரோ பேஸோ பாட இடம் கொடுத்தால் இன்னும் நல்லது, மெட்டு இல்லாத குரலைப் பாடிப் பார்த்தால்தான் ஹார்மனி உடம்பில் ஏறும்.

அடுத்தது இன்னிசைக் கச்சேரிக் குழுக்களில் கீபோர்டு வாசிக்கிறவர்கள். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வாசித்து வாசித்து, பாட்டைக் கேட்டவுடன் கார்ட் சொல்லுகிற காது அவர்களுக்கு இருக்கும், பாடகருக்காக அரைக்கட்டை இறக்கச் சொன்னாலும் அங்கேயே இறக்குவார்கள். தியரிப் பெயர்கள் தெரியாமல் இருக்கலாம், அதை வைத்து எடை போடாதீர்கள். ஒரு பழைய இளையராஜா பாட்டை எடுத்துக்கொண்டு போய் அதன் பேஸ் கிட்டாரை மட்டும் பாடச் சொல்லுங்கள், பிறகு நீங்கள் பாடுங்கள். மனப்பாடமாகத் தெரிந்த பாட்டில் கீழே என்ன நடக்கிறது என்று கேட்பதுதான் புதிய பாட்டில் கேட்பதற்கான வழி. ‘இருவர்’ (1997) படத்தில் ரஹ்மான் போட்ட ‘வெண்ணிலா வெண்ணிலா’வும் ‘ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி’யும் ஜாஸ் பாணியிலேயே அமைந்தவை, அவற்றின் கார்டை அவரோடு உட்கார்ந்து எடுங்கள்.

இந்தப் பக்கம் கல்யாணங்களில் இப்போது சாக்ஸபோன் கேட்கிறோமே, அதற்குப் பின்னால் கத்ரி கோபால்நாத் இருக்கிறார். நாகஸ்வரக்காரர் வீட்டுப் பிள்ளை, அந்த வாத்தியத்தில் கர்நாடக சங்கீதத்தைக் கொண்டுவந்தவர். அவரும் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மஹந்தப்பாவும் சேர்ந்து 2008-இல் வெளியிட்ட கின்ஸ்மென் ஆல்பத்தைக் கட்டாயம் கேளுங்கள். இரண்டு ஆல்டோ சாக்ஸபோன், ஒன்று ராகத்திலிருந்து வருகிறது, இன்னொன்று ஜாஸிலிருந்து. இதைக் கேட்டபோதுதான் எனக்கு நம் ஊர்ப் பிள்ளைகளால் இதைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை உறுதியானது.

யூடியூபில் இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜென்ஸ் லார்சன் கிட்டார்காரர், ஆனால் ஒரு சோலோ வாக்கியம் கார்டோடு எப்படிப் பொருந்துகிறது என்று விளக்குவது எந்த வாத்தியத்துக்கும் உதவும். மறைந்த ஜாஸ் பியானோக்காரர் பாரி ஹாரிஸின் வகுப்புப் பதிவுகள் நிறைய இருக்கின்றன, கூட்டமாக உட்காரவைத்துப் பாடவைத்துச் சொல்லித் தருவார், நம் குருகுல வழிக்கு மிகவும் பக்கம். முதலில் புரியாது. கூடவே பாடுங்கள், புரியும்.

சி ஜாம் ப்ளூஸ், ஸோ வாட் இரண்டுக்கும் அடுத்து மூன்றாவது உருப்படியாக ஆட்டம் லீவ்ஸ் (Autumn Leaves) எடுங்கள். ஏ மைனரில் வாசித்தால் டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன், எஃப் மேஜர் செவன், பி ஹாஃப் டிமினிஷ்ட், இ செவன், ஏ மைனர், ஏறத்தாழ முழு உருப்படியும் இந்த ஏழு கார்டுக்குள்தான். முதல் மூன்றும் நோட்டுஸ்வரத்தில் பழகியவை. ஏயை ஷட்ஜமாக வைத்தால் எல்லாம் நடபைரவி ஸ்வரங்கள், இ செவன் வரும் இடத்தில் மட்டும் கைசிகி நிஷாதம் காகலியாக மாறி கீரவாணி ஆகிவிடும், கீபோர்டில் ஒரே ஒரு கறுப்புக் கட்டை. அந்த நிஷாதத்தைச் சரியான இடத்தில் தொட்டு ஷட்ஜத்துக்கு ஏறினால் கீழே யாரும் வாசிக்காமலேயே கார்ட் மாறியது கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

இந்த மூன்று உருப்படியும் கையில் வந்த பிறகு ஆசிரியரைத் தேடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம், ஏனென்றால் அப்போதுதான் என்ன கேட்பது என்று உங்களுக்குத் தெரியும். வாரம் ஒரு வகுப்புக்குப் பணம் கட்ட முடியாவிட்டால் மாதம் ஒன்று போதும், ஆன்லைனில். நீங்கள் வாசித்ததை முன்கூட்டியே பதிந்து அனுப்பி, வகுப்பு நேரம் முழுவதும் அதைத் திருத்தவே செலவாகட்டும். முதல் வகுப்பில் அவரிடம் ஆட்டம் லீவ்ஸை வேறு சுருதியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், எந்த ரெக்கார்டைக் கேட்டு இதைக் கற்றீர்கள் என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் தயங்காமல் பதில் வந்தால் சேருங்கள். ஸ்கேல் அட்டவணையோடு ஆரம்பித்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைப் பாருங்கள். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற லண்டன் அமைப்புகள் நடத்துகிற இசைத் தேர்வுகள் பற்றிப் பலர் சொல்வார்கள். தேதி வைத்தால்தான் படிப்பு ஓடும் என்றால் ஏபிஆர்எஸ்எம் தியரி 1 முதல் 5 வரை ஆன்லைனிலேயே எழுதலாம், நோட்டேஷன் கெட்டிப்படும். ஜாஸ் அதில் வராது. சென்னையில் கேஎம் மியூசிக் கன்சர்வேட்டரி போன்ற இடங்களில் மாணவர் நிகழ்ச்சிகள் நடக்கும்போது ஒரு முறை உழவன் எக்ஸ்பிரஸில் ஏறிப் போய் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள். பியானோக்காரரின் இடது கையையே பாருங்கள், அந்த இரண்டு விரல் எங்கே போகிறது என்று.